மல்லிக்கு நான் பேசிய சம்பந்தம்

இந்த மெல்பேர்னில் நான் இதுவரை பத்துச் சம்பந்தம் பேசியிருக்கிறேன். அவற்றில் ஒன்பது மனிதர்களுக்கு.

பத்தாவதை நானாக எங்கும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நோபல் பார்க்கில் தமிழ்ப் பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். என் கையால் ஒருமுறை எழுதிவிட்டால் அவர்கள் சேர்த்துச் சொல்லும் பொய்களாவது குறையும் என்றுதான் எழுதுகிறேன். (நான் பல்லிக்குத் தாலி செய்வித்தேன் என்பது பொய். கூறைச்சேலை என்பதும் பொய்.)

என் பெயர் ரீற்றா. ஊர் மன்னார். ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை. கணவர் மரியதாஸ் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நாள் முழுக்கப் பாரம் தூக்குவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயைக்கூடத் தூக்க மாட்டார். எங்களுக்கு ஒரே மகன், ஜூட். மின்சார வேலை செய்கிறான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோடி தேடிக் கொடுத்தவள் வீட்டில் ஒருவன் சும்மா இருந்தால் என் தொழில் என்ன ஆவது?

கலியாணம் செய்யடா என்றேன். அவன் போய்ப் பல்லி வாங்கி வந்தான்.

முதலில் அவன் ஆசைப்பட்டது தலையில் கொண்டை வைத்த ஒரு பல்லிக்கு. வெளிநாடுகளில் அதைத்தான் எல்லோரும் வளர்க்கிறார்களாம். இங்கே சட்டப்படி கூடாது. வெளியிலிருந்து வருகிற பல்லிக்கு இந்த நாட்டில் இடமில்லை. (படகில் வந்து பத்து வருசத்துக்கு மேல் விசாவுக்குக் காத்திருந்த எனக்கு, கண்ணால் காணாத அந்தப் பல்லி மேல் உடனே ஒரு பாசம் வந்தது.) கடைசியில் இந்த மண்ணிலேயே பிறந்த பல்லி ஒன்றைக் கொண்டுவந்தான். ஊதா கலந்த மண்ணிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கரட் கிழங்குபோல் தடித்த வால். கோபம் வந்தால் நாய்க்குட்டி மாதிரிக் குரைக்கும் என்றான். அதை வீட்டில் வைத்திருக்க அரசாங்கம் அனுமதிப் பத்திரம் கொடுத்தது. இரண்டே கிழமையில் கொடுத்தது. பெயர் கப்டன்.

இப்படி இருக்கும்போதுதான் நகரின் மறுகோடியில் இருக்கும் ட்ருகனினாவிலிருந்து பிலோமினா தொலைபேசியில் அழுதாள். பிலோமினா எனக்குக் கோயில் பழக்கம். அவளுடைய இரண்டாவது மகள் நிரோஷா மருந்தாளர். நல்ல பிள்ளை, நல்ல சம்பளம்.

"மருந்துக்குப் படிச்ச பிள்ளை ரீற்றா, வேலையால வந்தால் பல்லியோட கதைச்சுக்கொண்டு இருக்குது."

அகப்பையைக் கீழே வைத்தேன். முப்பது வருசம் தேடினாலும் கிடைக்காத பொருத்தம் இது. அடுத்த ஞாயிறே ஜூட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே இருவரும் அரை மணி நேரம் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு பல்லிப் பேச்சு வந்தது. ஒருமுறை சிரிப்பும் கேட்டது. திரும்பி வரும்போது, "எப்பிடி?" என்றேன்.

"ஷீ இஸ் நைஸ், அம்மா."

நான் கோயில் மண்டபத்தின் வாடகையை மனதில் விசாரிக்கத் தொடங்கினேன்.

மூன்று மாதம் ஓடியது. இருவரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சிட்னி வெஸ்ட்மீட்டில் இருக்கும் பிலோமினாவின் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. தாயும் நிரோஷாவும் பத்து நாளைக்குப் போக வேண்டும். பல்லியை யார் பார்ப்பது என்று பிலோமினா கேட்டு முடிப்பதற்குள் நான் ஓம் என்றுவிட்டேன்.

நிரோஷாவே கொண்டுவந்தாள். கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் வைக்கும் சூட்டுப் பாய், ஒரு பெட்டி நிறைய உயிருள்ள பூச்சிகள், அச்சடித்த தாள் ஒன்று. தாளின் முதல் வரி தடித்த எழுத்தில் இருந்தது.

"அன்ரி, இதுதான் முக்கியம். மல்லியை வேற பல்லியோட ஒரே தொட்டியில விடக்கூடாது. சண்டை பிடிக்கும்."

"ஓம் பிள்ளை, ஓம்." (உப்பைக் குறைக்கச் சொல்கிற டொக்டருக்கும் இதே ஓம்தான்.)

மல்லி. பெயரைக் கேட்டதுமே எனக்குள் மணி அடித்தது.

வரவேற்பறை அலுமாரியின் மேல் இரண்டு தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மல்லி கண்ணாடிக்குக் கிட்ட வந்து பார்க்கும். கப்டன் இந்தப் பக்கம் வந்து பார்க்கும். மூன்று நாள் இதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? சண்டை பிடிக்குமாம். நாங்கள் வந்த புதிதில் மூன்று அறை வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். ஒரு குசினி, ஒரு கழிப்பறை. யாரும் யாரையும் கடிக்கவில்லை. (ஃபிரிட்ஜில் வைத்த மீன் குழம்பு காணாமல் போன அன்று கரண்டி பறந்தது உண்மைதான். அது வேறு.) அதற்கு மேல் என்னிடம் ஒரு திட்டமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து முட்டையிட்டால் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளைப் பார்க்க நிரோஷா வருவாள். அடிக்கடி வருவாள். பிறகு போகாமலே இருந்துவிடுவாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. ஜூட் வேலைக்குப் போயிருந்தான். குளிர்காலம்; ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், பல்லிகள் கண் விழிக்கும் நேரம். கப்டனின் தொட்டியைத் துடைத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றினேன். மரியதாஸ் கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறாய்?"

"ரெண்டையும் அறிமுகப்படுத்தப் போறன்."

"பெடியனும் வேண்டாமெண்டெல்லோ சொன்னவன்."

"பெடியன் கலியாணமும் வேண்டாமெண்டுதான் சொல்லுறான்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் கப்டனின் தொட்டி பெரிது. ஆகவே மல்லியை ஒரு துணியால் மெல்லத் தூக்கி உள்ளே விட்டேன்.

இரண்டும் அசையவில்லை. வெட்கம் என்றேன். பிறகு கப்டனின் வால் நுனி மெதுவாக ஆடியது.

"பாருங்கோ, வாலாட்டுது. சந்தோசம்."

"நாய் ஆட்டினா சந்தோசம்," என்றார் மரியதாஸ். "பல்லி ஆட்டினா என்னெண்டு ஆருக்குத் தெரியும்?" (அந்தக் கிழமைக்கான அவருடைய பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.)

இரண்டும் நாலு காலையும் நிமிர்த்தி, முதுகை வளைத்து எழும்பின. மரியாதைக்கு எழும்புகின்றன என்று விளக்கம் சொன்னேன். அப்போது குரைப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு நாயாக்கும் என்று யன்னல் பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது தொட்டிக்குள் பல்லிகள் இல்லை. ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது. மணல் பறந்தது. கிண்ணம் கவிழ்ந்தது. அந்தப் பந்திலிருந்து சின்னதாக ஏதோ ஒன்று பிரிந்து விழுந்து, மணலில் துள்ளத் தொடங்கியது. என்ன துடிப்பு, என்ன உயிர்.

"குட்டி போட்டிட்டுது," என்று கத்தினேன்.

மரியதாஸ் எழும்பி வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"அதுக்குள்ளயோ?"

நானும் குனிந்தேன். அந்தக் குட்டிக்குத் தலை இல்லை. கால் இல்லை. அது மல்லியின் வால்.

அதன் பிறகு நடந்ததில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அகப்பையை இடையில் விட்டேன். மரியதாஸ் சூட்டடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு கையை விட்டார். கப்டன் அந்தக் கையுறையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. மல்லியை அதன் தொட்டிக்குள் சேர்த்தேன். வால் மட்டும் தனியாக இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிலுவை போட்டேன். மேசை இழுப்பறையில் சூப்பர் குளூ இருப்பது நினைவுக்கு வந்தது. நினைவு மட்டும்தான், எடுக்கவில்லை. (எடுத்தேன். மூடியைத் திறக்கவில்லை.)

ஜூட் வந்தான். தானாகக் கழன்றுவிட்டது என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவன் மணலைப் பார்த்தான், அகப்பையைப் பார்த்தான், அப்பாவின் கையுறையைப் பார்த்தான். கையைக் கழுவினான். மல்லியின் தொட்டியிலிருந்த மணலை அள்ளிவிட்டு, காயத்தில் ஒட்டாதபடி வெள்ளைத் தாள் விரித்தான். படம் எடுத்து மிருக வைத்தியர் ஒருவருக்கு அனுப்பிப் பதில் வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றான்.

"தப்பும். வால் திரும்ப முளைக்கும். ஆனா பழையபடி வராது."

"நான் நல்லதுக்குத்தானேடா..."

"அவள் உங்களை நம்பித் தந்தவள், அம்மா. நீங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை. மல்லியைக் கேக்கேல்லை, கப்டனைக் கேக்கேல்லை." தாளின் ஓரத்தை நேராக்கினான். "என்னையும் கேக்கேல்லை."

கடைசியாகச் சொன்னது பல்லியைப் பற்றி இல்லை என்று எனக்கு விளங்கியது. அவன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் தன் தொலைபேசியை என் கையில் தந்தான்.

"நீங்களே சொல்லுங்கோ."

நிரோஷாவோடு முதல் ஐந்து நிமிடம் குழந்தையின் நிறை, மூக்கு, யாருடைய சாயல் என்று பேசினேன். அதற்கு மேல் நீட்ட முடியவில்லை.

"மல்லி சுகம், பிள்ளை. மல்லியின்ர வாலும் சுகம். ரெண்டும் இப்ப வேற வேற இடத்தில இருக்குது."

மறுமுனையில் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது.

ஆறு நாள் கழித்து, தாயும் மகளும் விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிரோஷா மல்லியை உள்ளங்கையில் எடுத்துக் காயத்தைப் பார்த்தாள். ஆறி வருகிறது என்றாள். பிறகு, "ஏன் அன்ரி ஒண்டா விட்டனீங்கள்?" என்று கேட்டாள். பொய் சொல்லக் களைத்துப்போயிருந்தேன். குஞ்சு பொரிக்கும் என்று நினைத்தேன், என்றேன்.

அவள் மல்லியை முகத்துக்கு நேரே உயர்த்தி, அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஜூட்டைப் பார்த்தாள். இருவருக்கும் உதடு துடித்தது.

"அன்ரி, மல்லி பெடியன்."

"பிறகேன் மல்லியெண்டு பேர் வச்சிருக்கிறீர்?"

"கொத்தமல்லி, அன்ரி. புள்ளி புள்ளியா இருக்கெல்லோ. நீங்கள் தூக்கிப் பாக்கேல்லையோ?"

நான் மல்லிகைப் பூ என்று நினைத்திருந்தேன். தூக்கிப் பார்க்கவும் இல்லை. பிலோமினா தன் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா," என்றான் ஜூட், "ரெண்டு பெடியன் எண்டது இந்த நாட்டில பிரச்சினை இல்லை. ஒரே தொட்டி எண்டதுதான் பிரச்சினை."

அவர்கள் இருவரும் காயத்துக்கு மருந்து போடக் குசினிக்குள் போனார்கள். மருந்து போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. நானும் பிலோமினாவும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தோம். உள்ளே சிரிப்பு. பிலோமினா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆண்டவர் வாலை எடுத்துப்போட்டு வாழ்வைத் தாறார், ரீற்றா."

வெளியே வந்தார்கள். "நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறம்," என்றாள் நிரோஷா.

"சொல்லுங்கோ பிள்ளை," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"இதுகள் ரெண்டும் இனி ஒரே வீட்டில இருக்கக்கூடாது."

"ஓம், ஓம்."

"நாங்களும்தான், அன்ரி."

முதல் ஞாயிறே பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். இந்தச் சம்பந்தம் இழுபட்டுக்கொண்டிருக்கும்வரை தாய்மார் வேறு சம்பந்தம் கொண்டுவர மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மூன்று மாதம் இரண்டு வீட்டிலும் நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுத்தது நான்தான். மல்லி வாலைக் கொடுத்த பிறகு பொய் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லையாம்.

பிலோமினா இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மல்லிக்கு வால் முளைத்தது; புள்ளி இல்லாமல், வழுவழுவென்று, சின்ன முள்ளங்கி மாதிரி. நிரோஷா பிறகு தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். போய்ச் சாப்பிட்டு வந்தோம். ஜூட் இன்னும் முடிக்கவில்லை. வருசத்துக்கு ஒருமுறை, "ஒரு இடம் இருக்குது, சொல்லலாமோ?" என்று கேட்கிறேன். "வேண்டாம் அம்மா" என்கிறான். விட்டுவிடுகிறேன். (விட்டுவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.)

ஆனால் ஊர் என்னை விடவில்லை. யாருக்காவது மாப்பிள்ளை இருக்கிறது என்று நான் வாயெடுத்தால் போதும், "தூக்கிப் பாத்தனீங்களோ, அன்ரி?" என்று கேட்பார்கள். இப்போது அது நோபல் பார்க் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பழைய கார் வாங்கப் போனாலும் தூக்கிப் பார். வீடு வாங்கப் போனாலும் தூக்கிப் பார்.

சென்ற மாதம் எங்களுக்கு ஒரு புதிய ஃபாதர் வந்தார். நல்ல மனிதர், சனங்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டுக் கற்றுக்கொள்கிறவர். 'நன்றாக விசாரி' என்பதை இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு கலியாணப் பூசையில் பீடத்தின் முன்னால் மணமக்கள் நின்றார்கள். ஃபாதர் இரண்டு கையையும் விரித்து, இளையோர் அவசரப்பட்டுத் துணையைத் தெரிவு செய்யக்கூடாது, எவரையும் முதலில் நன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தார்.

பாட்டுக்குழு முதலில் கவிழ்ந்தது. பிறகு முன்வரிசை வாங்கிலிருந்து கடைசி வாங்கு வரை கோயில் முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. மரியதாஸ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பூசை முடிந்ததும் ஃபாதர் வாசலில் என்னை நிறுத்தி, தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று கவலையோடு கேட்டார்.

"இல்லை ஃபாதர், நல்ல புத்திமதி," என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பிலோமினா சொன்னாள்: "ரீற்றாவின்ர சொந்த அனுபவம், ஃபாதர்."