ஒன்பது வாளும் எதிர் நாற்காலியும்

உங்கள் கவலை என்ன என்பதை உங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பிறவி எல்லா அலுவலகத்திலும் உண்டு. நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். திறந்தாலும் விடமாட்டார்.

இந்த அலுவலகத்தில் அவர் கார்டு அக்கா. ஆவணப் பிரிவில் வேலை என்று சொல்லிக்கொள்கிறார்கள். மதியம் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, மேசையை ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, கைப்பையிலிருந்து ஊதாத் துணியில் சுற்றிய, குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டை எடுத்து, மூன்று முறை ஊதி, கண்ணை மூடி, யாராவது பார்க்கிறார்களா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு மறுபடி மூடுவார். இதற்குப் பெயர் தியானம்.

அவருடைய செல்லச் சீட்டு, ஒன்பது வாள். அதன் படத்தில், கட்டிலில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருப்பாள். பின்னால் இருட்டில் வரிசையாக ஒன்பது வாள்கள். மனவேதனை, பயம், தூக்கமின்மை. யாருக்குத்தான் பொருந்தாது? நேற்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கினீர்களா? இல்லையென்றால் அவ்வளவுதான், அக்காவிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

அன்று எதிரே வந்து உட்கார்ந்தவள் வரவேற்பறைப் பெண். மார்பில் ஒரு கட்டி. சோதனை முடிவு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் தருவார்கள். வீட்டில் சொல்லவில்லை, தனியாகப் போகவும் பயம். கூட வரமுடியுமா என்று கேட்கத்தான் வந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம்..."

"சொல்லாத! நீயே சொல்லிட்டா கார்டுக்கு என்ன வேலை? ஒண்ணு எடு."

எடுத்தாள். ஒன்பது வாள். அக்காவின் முகம் மலர்ந்தது.

"ஐயோ பாவம், மனசு கெடந்து தவிக்குதே! யாரோ ஒருத்தன். உயரமா இருப்பான்."

"ஒருத்தனும் இல்லக்கா. இன்னிக்கு நாலு மணிக்கு..."

"பொறு. கார்டு நேரா விழுந்திருக்கு. அப்படின்னா கஷ்டம் இப்பதான் ஆரம்பம்."

அவள் முகம் வெளுத்தது. "எனக்குத் தலைகீழாத்தானே தெரியுது?"

நியாயமான கேள்வி. எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்கு நேர், மற்றவருக்குத் தலைகீழ். அக்கா சீட்டு பார்க்கும் இந்தப் பதினோரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அக்கா அசருவாரா?

"தலைகீழா இருந்தா, கஷ்டம் தீரப்போகுதுன்னு அர்த்தம். எதுக்கும் இப்படி வைப்போம்." சீட்டைக் குறுக்கே திருப்பி வைத்தார். முதல் வாள் சிறுவயதுப் பயம், இரண்டாவது சொந்தக்காரர்களின் பொறாமை என்று விளக்கிக்கொண்டே போனார். ஏழாவது வாளில் நிமிர்ந்து பார்த்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"சில பேருக்கு உண்மை தாங்காது," என்று சீட்டைத் துடைத்தார்.

அவள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அலுவலக வேன் ஓட்டும் அண்ணன் பார்த்து, என்னவென்று கேட்டு, அவள் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை நின்றார். அவருக்கு ஒரு வாளின் பொருளும் தெரியாது. "எத்தன மணிக்கும்மா? வா, போலாம்," என்றார். போனார்கள்.

மறுநாள் செய்தி பரவியது. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டறைக்குள் அவள் நுழைந்ததுமே அக்கா எழுந்து நின்று கைதட்டினார்.

"நாந்தான் சொன்னேனே, தீரப்போகுதுன்னு!"

"ஆமாக்கா," என்றாள் அவள், சிரித்த முகத்தோடு. பிறகு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேன் அண்ணன் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்கு என்னமோ போல் இருந்தது. மேசையைத் துடைத்தார், ஊதினார், தனக்கென்று ஒரு சீட்டு எடுத்தார். ஒன்பது வாள். தலைகீழாகப் பார்த்துச் சொல்ல எதிர் நாற்காலியில் ஆள் இல்லாததால், அது நேராகவே கிடந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் ஒருவர் "மனசே சரியில்ல..." என்று உங்களிடம் ஆரம்பித்தாரே, அவர் முடிப்பதற்குள் காரணத்தையும் பரிகாரத்தையும் கடகடவென்று சொல்லி முடித்தது யார்? கையில் சீட்டுக்கட்டு இல்லை என்பதெல்லாம் ஒரு சமாதானமா?