மூடிக்காரரின் முழுப் பாத்திரம்

கரண்டி மறுபடியும் உள்ளே விழுந்தது.

முதலில் 'டங்' என்று ஒரு சத்தம், பிறகு களக்கென்று ஒரு முங்கல். சாப்பாட்டு மேசையில் இருந்த மூன்று பேரும் இனிப்புப் பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பிடியின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

மூடிக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். தேதி, நேரம், எந்தப் பாத்திரம், கரண்டி எவ்வளவு ஆழம் மூழ்கியது எல்லாவற்றையும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். அந்த மாதத்தில் அது பதினேழாவது முழுக்கு.

"விடுங்க மாப்பிள்ளை, நான் எடுத்துப் போட்டுட்டு வேற கரண்டி கொண்டுவரேன்" என்றார் மாமியார். மேசையில் சொட்டக்கூடாது என்று கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மூழ்கிய கரண்டியை லாகவமாகத் தூக்கி, சமையலறைக்குக் கொண்டுபோனார். சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலி அவருடையது. எழுந்து போய்வர வசதி என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது.

மாமியார் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், மாணவியின் வீடுவரை போய்த் திருத்திவிட்டு வருகிற ரகம். போன வருடம் டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொல்லி இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்னபோதுகூட, "வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகள் அதைக் காவல் காக்கவே தேவையில்லை. இருந்தாலும் காத்தாள்.

மூடிக்காரருக்கோ இனிப்பு இல்லாமல் சாப்பாடு முடியாது. அதனால் தினமும் அது மேசைக்கு வந்தது. இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது கரண்டி அதில் விழுந்தது.

இந்த மூடிக்காரர் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எவர்சில்வர் பாத்திரத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்த நாள் முதல் பதினோரு வருடமாக அவருக்கு மூடிகள் மட்டுமே கொடுக்கப்பட்டு வந்தன. குமிழ் வைத்த மூடி, ஓட்டை வைத்த மூடி, ஓட்டை இல்லாத மூடி என்று அவர் வரையாத மூடி இல்லை. பாத்திரத்தை வேறு யாராவது வரைவார்கள், அது முடிந்தபிறகு "இதுக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். வாட்ச்மேன் முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் அவர் மூடிக்காரர்தான். ஒரு முழுப் பாத்திரம், அடி முதல் விளிம்பு வரை தன் கையால் ஆனது, கடையில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

ஆகவே மாதாந்திரக் கூட்டத்தில் முதலாளி புது யோசனை கேட்டபோது, மூடிக்காரர் எழுந்து குறிப்பேட்டைப் பிரித்தார்.

"ஒரு மாசத்துல பதினேழு தடவை சார். ஒரே ஒரு வீட்டுல."

முதலாளிக்கு எண்கள் என்றால் உயிர். பதினேழை ஊரில் உள்ள வீடுகளால் பெருக்கிப் பார்த்தார். வந்த தொகையைக் கண்டு அவருக்கே பயமாகிவிட்டது. இத்தனை கரண்டிகள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டார். கரண்டி விழாத பாத்திரம் ஒன்றைச் செய்ய மூடிக்காரருக்கு மூன்று மாதம் கொடுத்தார். செய்துவிட்டால் அவர் தலைமையில் தனிப் பிரிவு. செய்யாவிட்டால்?

"மூடி உங்களுக்கு நல்லா வருது" என்றார் முதலாளி. "அதையே பார்க்கலாம்."

இன்னொன்றும் சொன்னார். மீட்டிங் ரூமில் எல்லாப் பாத்திரமும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும், அதனால் மூன்றாவது மாதக் கடைசியில் தன் மனைவியோடு மூடிக்காரர் வீட்டுக்கே மதியச் சாப்பாட்டுக்கு வந்து, மேசையில் வைத்துப் பார்ப்பாராம். மூடிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. தாராளமாக வாருங்கள் என்றார்.

அச்சு செய்யும் மேஸ்திரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காய்கறிப் பாத்திரத்துல ஒரு தடவைகூட விழலையே. இனிப்புல மட்டும் ஏன் விழுது? இனிப்பு பிசுபிசுப்பா இருக்கும், கரண்டி ஒட்டிக்கத்தானே செய்யணும்?" என்றார்.

மூடிக்காரர் புன்னகைத்தார். பிசுபிசுப்பு என்பது ஓர் அளவைத் தாண்டினால் வழுக்கலாக மாறிவிடும் என்று விளக்கி, ஒரு வரைபடமும் போட்டுக் காட்டினார். வரைபடத்தில் கோடு உண்மையாகவே மேலே போய்க் கீழே வந்தது. மேஸ்திரி அச்சு செய்யப் போய்விட்டார்.

முதல் பாத்திரத்தில் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, கரண்டியின் கழுத்து அதில் உட்காருகிற மாதிரி செய்திருந்தார். எளிமையான வேலை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது மனைவிக்கும் பிடித்திருந்தது. மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பள்ளம் ரொம்ப ஆழம் மாப்பிள்ளை. மூடி போட்டாலும் இடுக்கு வழியா ஈ போகும். கொஞ்சம் மேலோட்டமா இருந்தா நல்லது."

நியாயமான பேச்சு. அதுவும் மூடி விஷயம், அவரால் எப்படிக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியும்? மறுநாளே பள்ளத்தைப் பாதியாக்கிக் கொண்டுவந்தார். அன்று ராத்திரியே 'டங்' என்றது. களக் என்றது. மாமியார் கிண்ணத்தோடு எழுந்தார்.

இரண்டாவது பாத்திரத்துக்குக் கிளிப் வைத்தார். துணி காயப்போடும் கிளிப்பின் அதே தத்துவம், ஆனால் நாலு மடங்கு பிடிப்பு. கரண்டி இம்மியும் அசையவில்லை. பரிமாறுவதற்கும் அசையவில்லை. மனைவி இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் பாத்திரமே கரண்டியோடு அந்தரத்தில் எழும்பி, ஒரு நொடி யோசித்து, மேசைவிரிப்பின்மேல் கவிழ்ந்தது.

மாமியார் முகம் செத்துப்போயிற்று. சொந்த வீடு இடிந்தால்கூட அவர் அப்படிப் பதறியிருப்பாரா என்பது சந்தேகம். "அவ்வளவும் வீணாப் போச்சே" என்றார். தனக்காகவும் தன் கண்டுபிடிப்புக்காகவும் ஒரு மாமியார் இவ்வளவு வருந்துவதைப் பார்த்து மூடிக்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"கிளிப்பைத் தளர்த்துங்க மாப்பிள்ளை" என்று அவரே கொஞ்ச நேரத்தில் தேறி யோசனை சொன்னார். "ஒரு விரலால தொட்டா விடணும். அதான் அழகு."

தளர்த்தினார். ஒரு விரலால் தொட்டால் விட்டது. அடுத்த ஒன்பது நாளில் எட்டு முறை விட்டது.

"இந்த அம்மா சொல்றதைக் கேட்டு ஒவ்வொண்ணையும் மாத்திக்கிட்டே இருக்கீங்க" என்று மனைவி சலித்துக்கொண்டாள். மூடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. குறை சொல்ல ஆள் இருந்தால்தான் பாத்திரம் உருப்படும் என்றார். அதற்காகவே கேள்வித்தாள் ஒன்று அச்சடித்து, மனைவி, மாமியார், மாடி வீட்டுக்காரர், மேஸ்திரி, கடைக்காரர் என்று பாத்திரத்தோடு சம்பந்தப்பட்ட அத்தனை பேரிடமும் எழுதி வாங்கியிருந்தார். பாத்திரம் தேய்க்கும் அம்மாள் தினமும் அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குத்தான் சமையலறைக்குள் வந்து, சமைத்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பிப்பாள். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்றாவது பாத்திரத்தில் காந்தம். நல்ல எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது என்பதால், இழுக்கக்கூடிய கரண்டி ஒன்றை மேஸ்திரி தனியாக அடித்துக் கொடுத்தார். கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் போய் ஒட்டியது. கூடவே கத்தியும், மனைவியின் சேஃப்டி பின்னும், மேசையில் கிடந்த வீட்டுச் சாவியும் போய் ஒட்டின. மாமியார் வழக்கம்போலக் குனிந்து சோதித்தார். அவருடைய கண்ணாடியின் சட்டம் இரும்பு. அது மூக்கிலிருந்து கழன்று, விளிம்பைத் தொட்டு, அவர் பிடிக்கப்போன கை தவறி இனிப்புக்குள் போய்விட்டது.

"நான் கழுவிட்டு வரேன்" என்று கண்ணாடியைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு போனார். அன்றைக்குத் திரும்பிவர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. வந்ததும், மனசில் பட்டதைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, இதுவரை செய்ததில் இதுதான் நல்ல பாத்திரம், இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மூடிக்காரர் முதன்முறையாக மாமியார் பேச்சை மீறினார். இரண்டு மாதம் போய்விட்டது. குறிப்பேட்டில் நாற்பத்தொரு முழுக்குகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தார், திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது விடை வந்தது. விளிம்பின் உள்பக்கம் ஒரு சின்னக் குழாய். கரண்டியின் காம்பில் ஒரு குமிழ். காம்பைக் குழாயில் இறக்கிக் கால் திருப்புத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். நேரே மேலே தூக்கித் திருப்பினால் வெளியே வரும். மற்றபடி தட்டினாலும் தள்ளினாலும் சாய்த்தாலும் வராது. மூடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது பாட்டுக்கு மூடிக்கொண்டது. அதன் மூடியையும் அவரே வரைந்திருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் விழவில்லை. ஒரு வாரம் விழவில்லை. மூன்று வாரம் ஆயிற்று, குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இல்லை. மூடிக்காரர் தெருவில் நடக்கும்போதே நிமிர்ந்து நடந்தார்.

மாமியார்தான் சரியில்லை. யாரோடும் பேச்சு இல்லை, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. சாப்பிடும்போது பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய பாத்திரம் நல்லாத்தானே இருந்தது" என்று ஒருநாள். "ஒரே கரண்டி ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மாத்தாம கிடக்கறது சுத்தமா என்ன? நடுவுல ஒருதரம் எடுத்துட்டுப் போய் வேற கொண்டுவரணும்" என்று இன்னொரு நாள். வயதானால் புதுசு எதுவும் பிடிக்காமல் போய்விடும் என்று மூடிக்காரர் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார்.

முதலாளி சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு மனைவியோடு வந்தார். கை கழுவியவர் உட்காரக்கூட இல்லை, நேரே இனிப்புப் பாத்திரத்திடம் போனார். கரண்டியைத் தட்டினார். விழவில்லை. முழங்கையால் இடித்தார். விழவில்லை. மேசையையே பிடித்து உலுக்கினார். தண்ணீர் டம்ளர் இரண்டு உருண்டன, ஊறுகாய் ஜாடி சாய்ந்தது, மூடிக்காரரின் மனைவி ஓடிவந்து பிடித்தாள். கரண்டி மட்டும் தன் இடத்தில் அசையாமல் நின்றது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"நாற்பத்தொரு தடவை விழுந்தது, இப்ப ஒண்ணுகூட இல்ல. இதைவிட என்னய்யா ருசு வேணும்? குறிப்பேட்டையே விளம்பரத்துல போட்டுடலாம். ஒரு சாதாரணக் குடும்பத்தோட நிஜமான கஷ்டம்னு" என்றார். பிறகு மூடிக்காரரின் தோளில் கையைப் போட்டு, "இனிமே இவரை யாராவது மூடிக்காரர்னு கூப்பிட்டா எனக்குக் கோபம் வரும்" என்றார்.

பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை. மூடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

சாப்பாடு கலகலப்பாக நடந்தது. மனைவி தன் பங்குக்கு நல்ல செய்தி ஒன்று சொன்னாள். இரண்டு தடவை மாத்திரை மாற்றியும் இறங்காத அம்மாவின் சர்க்கரை, இந்த மாதம் தானாகவே இறங்கிவிட்டதாம், டாக்டருக்கே ஆச்சரியமாம். எல்லோரும் மாமியாரைப் பாராட்டினார்கள். அவர் அரிசியை எண்ணுகிறவர் மாதிரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முதலாளியின் மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குழாயின் இடுக்கில் இனிப்பு போய் அடைத்துக்கொள்ளாதா, கழுவக் கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார். நல்ல கேள்வி என்றார் முதலாளி. தேய்க்கிறவர்களையே கேட்டுவிடலாம் என்றார். மூடிக்காரர் உற்சாகமாகச் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அவங்களை எதுக்கு மாப்பிள்ளை கூப்பிடறீங்க?" என்று மாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வேலை கெடும். நான் சொல்றேனே, ஒரு கஷ்டமும் இல்ல."

அதற்குள் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தன்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்கிறார் என்பதால், நன்றாக யோசித்து, விட்டுப்போகாமல் சொன்னாள்:

"பாத்திரம் கழுவறதுக்கு லேசாத்தாங்க இருக்கு, ஆனா முன்னெல்லாம் அந்த இனிப்புக் கரண்டியையும் கிண்ணத்தையும் பெரியம்மாவே என் பக்கத்துல நின்னு நக்கிப் பளபளன்னு ஆக்கிக் குடுத்துடுவாங்க, இப்ப எவ்வளவு தள்ளிவிட்டாலும் கரண்டி உள்ள விழவே மாட்டேங்குதாம், அதனால எல்லாத்தையும் நான்தான் தேய்க்க வேண்டியிருக்கு."