கண்ணாடிக் கடைக்காரரின் வாக்குமூலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தலையே போனாலும் சரி, வீடியோ கேம் பெட்டியை வீட்டை விட்டுப் போக விடுவதில்லை.

முடிவைக் குளியலறையில் எடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய வீரமான முடிவுகள் எல்லாமே உள்ளே தாழ்ப்பாள் போட்ட பிறகு எடுத்தவைதான்.

போன வருடம் அந்தப் பெட்டியை வாங்கி ஹாலில் டிவிக்குக் கீழே வைத்தார். அன்று பிடித்தது சனி. கடையை விட்டால் சோபா, சோபாவை விட்டால் படுக்கை. "ஏங்க, பரண்ல இருக்கிற சாமானைக் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்பாள் மனைவி. "இரும்மா, ஆட்டத்தை நடுவுல நிறுத்த முடியாது" என்பார் இவர். குழாய் ஒழுகினாலும், மாடியில் பாசி பிடித்தாலும் அதே பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி நேற்று சத்தமே போடாமல் சொன்னாள்: "நாளைக்கு என் தம்பி பையோட வர்றான். பெட்டிக்கு ஒரு வழி பண்ணிடலாம்."

மனைவிக்குக் கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை. சாட்சிகள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தவள். கணவர் இதையெல்லாம் யோசித்துப் பார்த்ததே இல்லை.

மைத்துனன் வந்தான். தோளில் பெரிய பை. கடைக்காரர் அதைக் கண்ணாலேயே அளந்து பார்த்தார். பெட்டி தாராளமாக உள்ளே போகும்.

"சொல்லுங்க. ஒரு வருஷமா இதுல என்னத்தைக் கண்டீங்க?" என்றாள் மனைவி.

"என்னத்தைக் கண்டேனா? இதை விளையாட்டுன்னா நினைச்சே? பயிற்சிம்மா, பயிற்சி!"

"அப்படியா? மேல சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இப்படிக் கேட்டதில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த வருஷம் ஆடினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ஓட்டல் ஆட்டம்தான். எல்லா அடுப்பும் எரியும். ஆர்டர் மேல ஆர்டர் வரும். ஒண்ணு கருகினாலும் ஆட்டம் குளோஸ். நான் கருக விட்டதே இல்லை."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட! பாத்திரம் கழுவுறதும் நான்தான்."

"பாத்திரமுமா!" அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியாடா?"

"கேட்டுக்கிட்டேன்க்கா."

"அடுத்தது, வீடு மாத்துற ஆட்டம். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வந்து குவியும். பிரிச்சு, எது எங்க இருக்கணுமோ அங்க அடுக்கணும். ஒரு கரண்டி இடம் மாறினாலும் சிவப்பு லைட்டு எரியும். எனக்கு எரியாது!"

"இப்படியே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு கெடாதா மாமா?" என்றான் மைத்துனன்.

"ஊருக்கே கண்ணாடி மாட்டுறவன்டா நான்! என் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

பேச்சு சூடு பிடித்தது. எழுந்து நின்றார். ஆட்டம் ஆடுகிற கன்ட்ரோலரைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நீட்டிப் பிடித்து, ஹாலை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது கழுவுற ஆட்டம். பாசி பிடிச்ச மாடி, கறை பிடிச்ச சுவர், எல்லாத்தையும் மூலை முடுக்கு விடாம பளபளன்னு ஆக்கிடுவேன்!"

"இடுப்பு வலிக்காதா?"

"ஆர்வம் இருந்தா வலி ஏதும்மா?"

"அந்தக் கோட்டை ஆட்டம்? அதுல ஒரு பூதத்துக்கிட்ட தினமும் அடி வாங்குறீங்களே?"

கடைக்காரர் கன்ட்ரோலரைக் கீழே இறக்கினார். "அது ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறது. ஒத்தையா நின்னா பாலத்தைத் தாண்ட முடியாது."

"கூட ஆட யாரையாவது கூப்பிடுறதுதானே?"

"வீட்டுல யாரைக் கூப்பிடுறது? உனக்கு இதுல என்ன தெரியும்?"

மனைவி பார்வையைத் தம்பியின் பைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவரோ, தன் வாதத்தில் அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, பெட்டி எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருக்கட்டும்" என்றாள் கடைசியில்.

ஜெயித்தாகிவிட்டது! கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் நீடித்தது.

"இவ்வளவு பயிற்சி எடுத்த மனுஷனை வீணாக்கலாமா? பரண் அப்படியே கிடக்கு. மாடியில பாசி. மத்தியானச் சமையலும் இருக்கு. மூணும் உங்க கையால நடக்கட்டும்."

"ஐயோ, அது வெறும் விளையாட்டும்மா!"

"விளையாட்டுதானா? அப்ப பயிற்சி இல்லையா?"

மைத்துனன் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்தான். சர்ரென்று ஒரு சத்தம்.

"ப... பயிற்சிதான்."

"சத்தமா சொல்லுங்க. எழுதுறவங்களுக்குக் கேக்கணும்."

"பயிற்சிதான்!"

பரணில் ஏறினார். ஒட்டடையோடு இறங்கினார். மாடியில் குனிந்து தேய்த்ததில் ஆர்வம் முழுக்க இடுப்புக்கு இறங்கி வலியாகிவிட்டது. பிறகு சமையலறைக்குள் நுழைந்து இரண்டு அடுப்பைப் பற்ற வைத்தார். ஆட்டத்தில் வெங்காயம் தானாகவே நறுக்கிக்கொள்ளும். இங்கே அவருடைய கண்ணீரையும் கேட்டது.

அப்போதுதான் ஹாலிலிருந்து அந்த இசை வந்தது. கோட்டை ஆட்டத்தின் இசை! கரண்டியோடு ஓடி எட்டிப் பார்த்தார்.

சோபாவில் அவருடைய இடத்தில் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அவருடைய கன்ட்ரோலர். பக்கத்தில் மைத்துனன், அவன் கையிலும் ஒரு கன்ட்ரோலர். தரையில் பை காலியாகக் கிடந்தது. பெட்டியைக் கொண்டுபோக வந்த பை இல்லை அது. இன்னொரு கன்ட்ரோலரைக் கொண்டு வந்த பை!

திரையில் பூதம் மல்லாந்து கிடந்தது. இரண்டு வீரர்கள் பாலத்தின் மேல் ஜம்மென்று நடந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் கரண்டியோடு சோபா அருகே வந்தார். அடுத்த கோட்டையை அவர் கனவில்கூடப் பார்த்ததில்லை.

"ஏம்மா, எனக்கும் ஒரு தடவை குடேன்" என்று கெஞ்சினார்.

"அங்க என்னவோ கருகுற வாசனை வருதே?"

"ஐயோ! நீ கொஞ்சம் எழுந்து வாயேன்!"

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க, ஆட்டத்தை நடுவுல நிறுத்த முடியாது."