தரைத் தோஷம்

காலை ஏழு மணிக்கே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வரிசை நின்றது. நொண்டுகிற நாய், பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற நாய், எஜமானரின் தோளில் குழந்தைபோலத் தொங்குகிற நாய். எல்லாம் தரைச்சாமியைப் பார்க்க வந்தவை. மலைக்குச் சாமி உண்டு, மரத்துக்குச் சாமி உண்டு. மொசைக் தரைக்கென்று ஒருவர் அவதரித்தது இதுதான் முதல் முறை!

வரிசையில் தையல்காரியும் நின்றாள். கையில் அவள் நாய் குண்டன். பெயரில்தான் குண்டு; விலா எலும்பை எண்ணிவிடலாம். புருஷனுக்குத் தூரதேசத்தில் வேலை. தையல் மிஷினுக்கடியில் படுத்துக் கிடக்கும் குண்டன்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. முதலில் பாதத்தில் லேசான அரிப்புதான் இருந்தது. வீட்டுத் தரையில் தோஷம் என்று சொல்லி, சாமி இரண்டு முறை வந்து தீர்த்தம் ஊற்றிக் கழித்தார். இப்போது நான்கு காலிலும் புண்.

மூன்றாம் முறையாகச் சாமி அவள் வீட்டுக்கு எழுந்தருளினார். பின்னாலேயே பாதி வரிசையும் உள்ளே வந்துவிட்டது. மஞ்சள் துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் தேய்த்தார். துணி செக்கச்செவேலென்று சிவந்தது.

"ரத்தம்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தோஷம் இன்னும் போகலை. தீர்த்தத்தை ஊத்தி அப்படியே காயவிடு. தண்ணி விட்டுக் கழுவினா உன் தலைக்கு ஏறும். டாக்டர்கிட்ட நாயைத் தூக்கிட்டுப் போனே, மூணாம் நாள் உயிர் தங்காது" என்றார் சாமி.

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "செய்யறேன் சாமி."

"கொஞ்சம் இருங்க." அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அவளுடைய நாத்தனார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாகத் துணி வெளுக்கிறவள். "அந்தத் துணியில இன்னொண்ணு குடுங்க சாமி."

"பொம்பளைங்க தொட்டா சக்தி போயிடும்மா."

"அப்போ நீங்களே பிடிச்சுக்குங்க. நான் தள்ளி நிக்கறேன்."

கூட்டம் பார்க்கிறது. சாமி வேறு வழியில்லாமல் புதுத் துணியை விரித்தார். நாத்தனார் அதன் ஒரு மூலையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மறு மூலையில், சாமியின் பாட்டிலைத் திறந்து தீர்த்தத்தில் இரண்டு சொட்டு விட்டாள்.

சிவப்பு!

"அய்யய்யோ, உங்க தீர்த்தத்துக்கே தோஷமா சாமி?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி துணியைச் சுருட்டி மடியில் செருகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க. மஞ்சள் கரைச்ச தண்ணியில நனைச்சுக் காயவெச்ச துணி. மஞ்சள்மேல சோப்போ காரமோ பட்டா சிவக்கும். எங்க சலவைக்கூடத்துல தினம் வர்ற ரத்தம் இது. ஒரு பேயும் வந்து வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டதில்லை." ஒரு சொட்டை விரலிடுக்கில் வழுவழுவென்று தேய்த்துப் பார்த்து முகர்ந்தாள். "இது சலவைக்காரம், துணி வெளுக்கற சோடா. வாசனை மட்டும் தனியா சேர்த்திருக்காரு. அலசாம காயவிட்டா தரையிலயே தங்கும்; நாய் மிதிக்கும், நக்கும். கால் வெந்து போகாம என்ன செய்யும்?"

"அப்ப என் நாய்க்கும் இதனாலதானா?" வரிசையில் நின்றிருந்த ஓட்டுநர் ஒருவர் முன்னால் வந்தார். சாமி பின்னால் நகர்ந்தார். அவசரத்தில் காலில் தீர்த்தம் கொட்டியது. "தண்ணி, தண்ணி!" என்று கத்தியபடி, தலைக்கு ஏறும் தோஷத்தையெல்லாம் மறந்து, குழாயடிக்கு ஓடினார். அங்கேயே அவரைப் பிடித்துப் போலீசுக்குச் சொன்னார்கள்.

தையல்காரி அப்போதே குண்டனை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். "முதல்ல வந்த அரிப்பு, நீங்க தரை துடைச்ச சோப்பைச் சரியா அலசாததால. அப்புறம் வந்த புண்ணு அந்தத் தீர்த்தத்தால" என்றார் அவர், புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே. "துடைச்ச பிறகு நல்ல தண்ணியில இன்னொரு தடவை துடைங்க. ஈரம் காய்ஞ்சதும் நாயை விடுங்க. அவ்வளவுதாம்மா."

மூன்றாம் நாள் உயிர் தங்காது என்றாரே? மூன்றாம் நாள் குண்டன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று குரைத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். தீர்த்தம் ஊற்றிய முதல் நாளே குண்டன் அந்த அறைக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். தையல்காரிதான் இழுத்துப் போட்டாள். கால் எரிந்தது, நாய் விலகியது. ஆறறிவு படைத்த நாமோ, எரிகிற இடத்தில் இன்னும் இரண்டு சொட்டு ஊற்றச் சொல்லி வரிசையில் நிற்கிறோம். அந்த ஆறாவதை எப்போதுதான் எடுத்துப் புழங்கப் போகிறோம்?