நாற்காலிக்கடியில் பூமிக்கதிர்

யேவ்லே நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவே திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. கவட்டைக் குச்சியால் பூமிக்கடியைத் துழாவும் குச்சிக்காரர் தூர்வால்ட் மறுபடி வந்துவிட்டார்! மூன்றாம் மாடிக்காரர்கள்கூட இறங்கி வந்து முண்டியடித்தார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் மதியம்வரை எழுந்திருப்பதே இல்லையே, ஏன்? தரைக்கு அடியில் ஓடும் பூமிக்கதிர் இடுப்பைப் பிடித்து இழுக்கிறதாம்! நாற்காலிக்கு அடியில் செப்புத் தட்டு ஒட்டினால் பிடி விட்டுவிடுமாம்! வரைபடம் இல்லாமல் கோழிக்கூட்டுக்குக்கூட அனுமதி தராத படித்த கூட்டம், இதற்கு மட்டும் பூம்பூம் மாடாகத் தலையாட்டியது.

அதே பிரிவில் வேலை பார்க்கும் குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்தே காலில் இரத்தம் உறைந்து, போன மாதம்தான் பிழைத்து வந்தவள் அவள். நின்றும் வேலை செய்ய வசதியாக ஏற்றி இறக்கும் மேசைகள் வாங்க ஒதுக்கிய பணத்தை, மேலாளர் இங்கேலா இன்று தூர்வால்டுக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறாள். போன வாரம் சோதனைக்கு ஒட்டிய பத்துத் தட்டுகள் பலித்தனவா என்று பார்ப்பதுதான் பாக்கி.

தூர்வால்ட் கவட்டைக் குச்சியை நீட்டியபடி காலி நாற்காலிகளைச் சுற்றி வந்தார். போன வாரம் துள்ளிய குச்சி இன்று அசையவில்லை.

“பாத்தீங்களா? கதிர் அடங்கிப்போச்சு! எல்லாம் தட்டோட மகிமை!”

கூட்டம் கை தட்டியது.

“எந்தத் தட்டு?” என்றாள் குன்வோர்.

“என்னம்மா கேள்வி? நாற்காலிக்கு அடியில இருக்கே, அதுதான்.”

“சிக்ஸ்டன், உன் நாற்காலியக் கொஞ்சம் கவுத்துக் காட்டு.”

பக்கத்து மேசைக்காரன் சிக்ஸ்டன் கவிழ்த்தான். பசை மட்டும்தான் இருந்தது. குன்வோர் தன் பையைக் கவிழ்த்தாள். பத்துத் தட்டுகளும் கலகலவென்று மேசையில் விழுந்தன.

“நேத்து சாயங்காலமே கழட்டிட்டேன். உங்க குச்சிக்கு யாரும் சொல்லல போல!”

தூர்வால்ட் குச்சியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“அப்ப நாம ஏன்தான் எந்திரிக்கிறதில்ல?” என்றான் சிக்ஸ்டன்.

“காப்பி அறைய மூடிட்டு, வண்டியில மேசைக்கே அனுப்பி வைக்கிறாளே இங்கேலா! எந்திரிக்க வேற என்ன சாக்கு இருக்கு?” என்றாள் குன்வோர்.

“நேரம் மிச்சமாகும்னுதான்…” என்று இங்கேலா இழுத்தாள்.

குன்வோர் காப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நடையின் கோடியில் நிறுத்தினாள். அதிலிருந்த இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி மணத்தது. சிக்ஸ்டன் முதல் ஆளாக ஓடினான்; பின்னாலேயே பிரிவு முழுவதும். பூமிக்கதிர் ஒருவரையும் பிடித்து இழுக்கவில்லை. இங்கேலா ஏற்றி இறக்கும் மேசைகள் வாங்குவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டாள்.

படித்த பெருமக்களே, காலுக்கு வேலை கொடுங்கள் என்று சொல்ல மருத்துவர் இருக்கிறார். மூளைக்கு வேலை கொடுங்கள் என்று சொல்ல யாரைக் கூப்பிடுவீர்கள், இன்னொரு குச்சிக்காரரையா?