தங்கள் டீசல் ஜீப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கூரைக்கு அடியில், நனையாமல் இருக்கிறோம். கடல் தாண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பி விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது எங்கள் கொட்டகையில் தாங்கள் விட்டுச் சென்ற டீசல் ஜீப்பை இந்த மாதத்துக்குள் தாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்திய உத்தியோகம் என்னுடையது. கூட்டியோ குறைத்தோ எழுதிப் பழக்கமில்லை.

தங்கள் அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு, செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று என்பது தாங்கள் அறிந்ததே. மேலே, மலையில், நல்ல காற்று என்று வீடு கட்டியவன் நான். ஆஸ்பத்திரி கீழே இருபத்துமூன்று கிலோமீட்டர். அதில் மேல் ஒன்பது கிலோமீட்டருக்குச் சாலை என்று பெயர்தானே தவிர, இருப்பது கல்லும் குறுக்கே ஒரு ஓடையும்தான். வாடகைக் கார்க்காரர்கள் முதல் வளைவிலேயே இறங்கி நின்று பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ஆகவே ஜீப்பை வெளியே எடுத்தேன். முதல் செவ்வாய் இறங்கும்போது சமர்த்தாக இறங்கியது. திரும்பும்போது செங்குத்து ஏற்றத்தின் நடுவில், முதல் கியரில், மூச்சு முட்டி நின்று, மெல்லப் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. தங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்கிறவள் இல்லை அவள். அன்று சாயங்காலமே உங்களுக்கு ஃபோன் செய்தேன். நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் மாறாமல் நினைவிருக்கிறது: "அத்தான், அது நல்ல எஞ்சின். டயரைப் பெருசாக்குங்க, ஸ்பிரிங் பட்டையை மாத்தி உசரத்தைத் தூக்குங்க. கல்லு மேல நடந்து போவும் பாருங்க."

அடிவாரத்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவனுக்கு அரைச்சுற்று என்று பெயர். எந்தக் கோளாறைக் காட்டினாலும் "ஒரு அரைச் சுத்து குடுத்தா சரியாயிடும் சார்" என்பான். டயரும் பட்டையும் மாற்றி அவன் வெளியே விட்டபோது ஜீப்பைப் பார்க்க எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. கல்மேல் நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அக்காவால் அதில் ஏற முடியவில்லை. கதவின் அடிவிளிம்பு தரையிலிருந்து எழுபத்தாறு சென்டிமீட்டர், நான் அளந்தேன். அடுப்படி ஸ்டூலைப் போட்டால் கல்லில் ஆடியது. கடைசியில் நானே தூக்கி உட்கார வைத்தேன். அப்போது நாற்பத்தெட்டு கிலோ, தூக்கலாம். இவ்வளவும் செய்து ஏற்றத்துக்குப் போனால் முன்பு நின்ற இடத்துக்குப் பத்தடி கீழேயே நின்றுவிட்டது! அரைச்சுற்றிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"டயர் பெருசானா இழுவை குறையும் சார். இது தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன்யா போட்டே?"

"நீங்க கேட்டீங்க, போட்டேன்."

பிறகு அவனாகவே டீசல் பம்பில் அரைச் சுற்று கொடுத்தான். அடுத்த செவ்வாய் ஜீப் ஏற்றத்தில் ஏறிவிட்டது. ஆனால் பின்னால் வந்த புகை, மாப்பிள்ளை, மை. வளைவில் துணி உலர்த்தும் சலவைக்காரர் வெள்ளை வேட்டிகளைக் கையில் சுருட்டிக்கொண்டு நடு ரோட்டில் நின்று என் பரம்பரையையே விசாரித்தார். தரையில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளேயும் வந்தது. ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்த உன் அக்கா ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, வங்கிக் கொள்ளைக்குப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். உனக்கு ஃபோன் செய்தால் நீ சிரிக்கிறாய். "கரும்புகைன்னா டீசல் கூட, காத்து பத்தலைன்னு அர்த்தம் அத்தான். ஒரு டர்போ வெச்சுருங்க!" ஏதோ ஊறுகாய் வைக்கச் சொல்கிற மாதிரி.

வைத்தேன். உடைத்துப் போட்ட வேனிலிருந்து ஒரு டர்போவை அரைச்சுற்று கழற்றி வந்து பொருத்தினான். புகை பாதியாகக் குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். பதிலுக்கு மிதிக்கும்போதெல்லாம் வீலென்று ஒரு விசில். எங்களுக்கு முன்னால் போன சைக்கிள்காரர் ஒருவர் ஆம்புலன்ஸ் என்று நினைத்து இறங்கி வழிவிட்டார். அது பரவாயில்லை, சூடு இருக்கிறதே! ஏற்றத்துக்குள் மூன்று இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மூன்று இடத்திலும் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து பாலித்தீன் பையில் வாந்தி எடுப்பாள். ஒரு தடவை வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் இதுக்கும் ஒரே வைத்தியம்தான் பண்றீங்க. உள்ளே எதையோ ஏத்துறீங்க, ரெண்டு பேரும் வெளியே தள்ளுறோம்." நான் சிரிக்கவில்லை, ரேடியேட்டர் மூடி கையைச் சுட்டிருந்தது. இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தராசில் அவள் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து, அப்புறம் நாற்பத்தொன்று. அந்தத் தராசுக்கு இரண்டு வருடமாக முத்திரை இல்லை என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன், அது வேறு விஷயம். ஏழு கிலோ சுமை குறைந்தால் ஏற்றத்தில் அதற்குத் தகுந்தாற்போல் வேகம் கூட வேண்டுமா இல்லையா? கூடவில்லை. இதை உன் எஞ்சினின் குறையாகவே எழுதுகிறேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறியது. எஞ்சின் காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனால் தண்ணீரிலும் ஓட்டலாம் என்றாய். தகர வேலைக்காரர் நல்ல குழாயாகத்தான் செய்து கொடுத்தார். அதை எஞ்சினோடு சேர்க்கிற இடத்தில் கிளாம்புக்கு அரைச்சுற்று என்ன கொடுத்திருப்பான் என்று நீயே ஊகித்துக்கொள். முழங்கால் தண்ணீர் என்று தைரியமாக இறங்கினேன், நடுவில் தொடையளவு. மூட்டு வழியாக எஞ்சின் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தது. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். நின்றுவிட்டது. எங்கள் காலடியில் ஓடை ஓடுகிறது. அவள் மருந்துப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இறங்கி ஓடறதா இருந்தா நீங்க ஓடுங்க, நான் டோக்கன் வாங்கணும்" என்றாள். நல்லவேளை, ரோடு வெட்ட வந்திருந்த பொக்லைன்காரர் பார்த்துவிட்டார். கயிறு போடுவார் என்று பார்த்தால், இரும்பு வாளியை நீட்டிக் கதவுக்கு நேராக நிறுத்தி, "அம்மா, மண்ணை உதறிட்டேன், உக்காருங்க" என்றார். உன் அக்கா அந்த வாளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் மருந்துப் பையோடு, ஆகாயத்தில் ஒரு வட்டம் அடித்துக் கரை சேர்ந்தாள். நான் நீந்தினேன்.

எஞ்சினைப் பிரித்ததில் உள்ளே ஒரு ராடு வளைந்திருந்தது. மாற்றினோம். இரண்டு செவ்வாய் தவறிப்போயிற்று. போன செவ்வாய்தான் மறுபடி போனோம். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் மறுபடியும் புகையைக் கக்கியது. காவலாளி ஓடி வந்தார். "ஐயா, உள்ளே நோயாளிங்க இருக்காங்க, வண்டியை வெளிய எடுங்க!" "என் வண்டியிலயும் நோயாளிதான்யா இருக்காங்க!" என்று கத்தினேன். பயனில்லை. அவளை இறக்கிவிட்டு, ஜீப்பைப் பின்புறச் சந்துக்குக் கொண்டுபோனால் அங்கே அணைந்தது கிளம்பவே இல்லை. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நான் உள்ளே ஓடியபோது, டாக்டரைத் தனியாகவே பார்த்து முடித்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே வாரா வாரம் வர வேண்டாமாம். மருந்து ஏத்தவும் வேண்டாமாம். மாத்திரை போதுமாம்" என்றாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கிரீஸ் கையோடு போய் டாக்டரின் கையைக் குலுக்கிவிட்டேன். அவரும் ரொம்ப நேரம் என் கையை விடவே இல்லை. தங்கமான மனுஷன்.

ஆக, வைத்தியம் முடிந்துவிட்டது. இனி இந்த வீட்டில் ஜீப்புக்கு வேலை இல்லை. ஆளை அனுப்பு, அல்லது நீயே வா, கொண்டுபோ.

உன் பிள்ளைகள் படிப்பில் முதலாகவும், உன் ஒர்க்‌ஷாப் ஓயாத வேலையோடும், நீ இனி எவருக்கும் ஃபோனில் யோசனை சொல்லாமலும் நீடூழி வாழ வாழ்த்தும்,

உன் அத்தான்.

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, உன் அத்தான் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறார். திருப்பித் தருவதைச் சுத்தமாகத் தர வேண்டுமாம். அவர் எழுதியதில் எடையெல்லாம் சரி, மற்றதை நம்பாதே. நான் தேறிவிட்டேன் என்று டாக்டர் நிறுத்தவில்லை, இனி மருந்து கேட்காது என்று நிறுத்தினார். மழை விடும்வரை இருப்பேன், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றார். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் சொல்லலாம் என்று மூன்று நாளாகப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், மனுஷன் வெளியே வந்தால்தானே. நீ முந்திக்கொள்ளாதே, நானே சொல்வேன். ஜீப்பை எடுத்துப் போய்விடாதே. எனக்கு அப்புறமும் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, அதை மாற்றுங்கள், இதைக் கூட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இரு. திட்டுவார், செய்வார். பிரேக்கில் மட்டும் கை வைக்கச் சொல்லாதே.