மிக் விமானத்தின் மூக்கு

பெரியநாயகி இடுக்கியால் எடுத்து விமானத்தின் முனையில் செருகிய பொருள் மூக்கு மாதிரி இல்லை. பல் மாதிரி இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பல்லேதான். யாருக்கோ மேல்வரிசை ஓரப் பல்லுக்கு அவள் செய்திருந்த உலோகக் கேப்.

கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர்களுக்குக் கேப்பும் செட்டும் செய்து தரும் ஜமால் முகமதுவின் லேபில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போர் விமானங்கள் செய்வாள். இப்போது கையில் இருந்தது மிக் 21, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. சனிக்கிழமை சென்னையில் மாடல் விமானப் போட்டி. மற்ற பாகங்களோடு பெட்டியில் வந்த பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு மொக்கையாக இருந்ததால், நிஜ விமானத்தின் படங்களைப் பார்த்துக் கோணம் கணக்குப் போட்டு, மெழுகில் செதுக்கி, லேபின் உலையிலேயே உலோகத்தில் வார்த்திருந்தாள். செருகுவதற்கு வசதியாக உள்ளே குடைந்தும் வைத்திருந்தாள். வெளியே கூம்பு, உள்ளே குழி, அளவு ஒரு பல்லளவு.

அதைத்தான் காலை அவசரத்தில் சங்கராபுரம் டாக்டருக்குப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

"இன்னாம்மா, சாப்புடாம மொறச்சிக்கினு குந்தியிருக்க?" என்றபடி ஜமால் முகமது உள்ளே வந்தார்.

விமானத்தை மேசைக்கு அடியில் தள்ளினாள். "ஒண்ணுமில்ல பாய். சங்கராபுரத்துக்குப் போன கேப்பு அளவு கொஞ்சம் ஜாஸ்தி. பஸ்ஸுல போய் மாத்திக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"நீ அளவு தப்பினியா? நீயா?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "அளவெல்லாம் கரெக்ட்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இப்பதான ஜாஸ்தின்ன?"

"பல்லுக்குத்தான் பாய் ஜாஸ்தி."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கு எதுக்கு பஸ்ஸு? ஒட்ட வேணாம்னு ஒரு போன் போட்டா முடிஞ்சிது" என்று, அவள் தடுப்பதற்குள் போட்டும் விட்டார். கிளினிக்கில் நர்ஸ் பாப்பாத்தி எடுத்தாள்.

"ஒட்டியாச்சு பாய். கரண்டு இல்ல, டாக்டரு டார்ச் வெளிச்சத்துலயே ஒட்டிட்டு அவசரமா ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாரு."

"பல்லு ஒட்டிக்கினவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடியில பாத்தாரு. திரும்பித் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் வாய மூடிக்கினு எழுந்து போய்ட்டாரு. மணலூர்பேட்ட நாராயணசாமி. ஆளு நல்ல ஒசரம், நல்ல அகலம்."

ஜமால் முகமது போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். "கத்திட்டுப் போனாக் கூட பரவால்ல. பேசாமப் போறவன நம்பக் கூடாது. இந்த லேபு பேரு இன்னா ஆவறது? கெளம்பு, நேராப் போய் மன்னிப்புக் கேட்டுருவோம்."

"நான் மட்டும் போறேன் பாய்."

"அவரு ஒசரமும் அகலமும் கேட்ட இல்ல? ஏறு வண்டியில."

சரியான கேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஏறினாள். சங்கராபுரம் தாண்டிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது, அங்கே போய் விழிப்பதை விட இங்கேயே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

"பாய், அது பல்லே இல்ல."

"பின்ன?"

"ப்ளேனோட மூக்கு."

வண்டி ஓரமாக நின்றது. ஜமால் முகமது திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "எந்த ப்ளேனு?"

"சண்ட போட்ற ப்ளேனு. மிக் இருபத்தொண்ணு. சின்னதா நானே செய்யறேன், போட்டிக்கு."

"அதக் கொண்டு போய் ஒரு மனுசன் வாயில வெச்சிட்டியா?"

"மாறிப் போச்சு பாய். ஆனா ஒண்ணு சொல்றேன். கோணம் ஒரு முடியளவு கூடத் தப்பாது."

"நம்ம மெட்டலா?"

"வெட்டி எறிஞ்ச துண்டுங்கதான்."

அவர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார். "நல்லா வந்துதா?"

"அவரு வாயத் தொறந்தா பாருங்க" என்றாள் பெரியநாயகி.

மணலூர்பேட்டையில் நாராயணசாமியின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் கூட்டம் நின்றது. எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள்.

"ஆள் சேத்து வெச்சிக்கினு இருக்கான்" என்று முணுமுணுத்தார் ஜமால் முகமது. "நீ பேசாத. நான் பேசிக்கறேன்."

நாராயணசாமியின் மனைவி ராணியம்மாள் இவர்களை விசாரித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "பல்லு செஞ்சவங்களாம். வூடு தேடி வந்துக்கறாங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. நடுவில் நாற்காலியில் நாராயணசாமி உட்கார்ந்திருந்தார். பாப்பாத்தி குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, தெரியாம ஒரு தப்பு" என்று ஜமால் முகமது ஆரம்பித்தார்.

பெரியநாயகி முன்னால் வந்தாள். "தப்பு பாய் மேல இல்லங்க, எம் மேல. சரியான கேப்ப எடுத்தாந்துட்டேன். டாக்டரு வந்ததும் கழட்டி மாத்திரலாம்."

நாராயணசாமி எழுந்து நின்று வாயைத் திறந்தார். மேல் உதட்டுக்குக் கீழே மிக் விமானத்தின் மூக்கு, கூராக, கீழ்நோக்கிப் பளபளத்தது. அந்த நேரத்திலும் பெரியநாயகியின் கண் கோணத்தைத்தான் அளந்தது. சரியாகவே இருந்தது. பக்கத்தில் ஜமால் முகமதுவும் குனிந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

"இத செஞ்சது நீயா?" என்றார் நாராயணசாமி.

"நான்தாங்க" என்றாள் அவள், தலையைக் குனியாமல்.

அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நாளைக்கு நாங்கள்லாம் ஆடற இரணியன் கூத்துல நான் நரசிம்மர் வேசம் கட்றேம்மா. கோரப்பல்லு வெச்சிக் குடுங்கன்னு போய் நிக்காத டாக்டரு இல்ல, எல்லாம் சிரிச்சி அனுப்பிட்டாங்க, நீதான் கேக்காமயே செஞ்சி குடுத்த. அந்தாண்ட பக்கத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடு."